தெற்கே சாயும் புகை

பொன்னேரி தாண்டினால் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிடும். ஆனாலும் பழக்கதோஷம், நான் கதவோரமே நிற்பேன். போன கார்த்திகையில் ஒரு நாள் அப்படி நிற்கும்போது, சென்ட்ரலிலிருந்தே போன் பேசிக்கொண்டு வந்த ஓர் அம்மா, கவரைப்பேட்டை வருவதற்குள் தன் நாத்தனார் வண்டவாளத்தை முழுக்கச் சொல்லி முடித்துக் கடைசியாகத் தீர்ப்பும் சொன்னார்: "அவ வாடையே எனக்கு ஆவாதுடி." சொன்ன கையோடு ஜன்னல் ஷட்டரை இழுத்து இறக்கினார். வண்டி வடக்கே போகிறது, காற்று வடக்கேயிருந்து வருகிறது. முகத்தில் சில்லென்று அறைந்தது அசல் வாடை. அதில் கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் கருகிய ரப்பரும் கலந்திருந்ததால் கும்மிடிப்பூண்டி நெருங்கிவிட்டது என்று தெரிந்தது. எந்த வாடைக்கு ஜன்னலை மூடினீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்கத் தோன்றியது. நாத்தனார்மேல் இருந்த கோபம் என்மேல் திரும்பும் என்று விட்டுவிட்டேன்.

என் ஆயாவுக்கு வாடை என்றால் காற்று மட்டும்தான். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். தாத்தாவுக்கு ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்ததும் எங்கள் ஊரான கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்தாள். தண்ணீரை விட்டு வந்தாளே தவிர, காற்றை விடவில்லை. ஐப்பசியில் ஏதோ ஒரு நாள் விடியற்காலையில் வாசலில் நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "வாடை எறங்கிடுச்சி" என்பாள். அவள் கணக்கில் வடக்கு மேடு, தெற்கு பள்ளம். அதனால் வாடை இறங்கும். கோடையில் மேற்கேயிருந்து வரும் அனல் காற்று 'மேல்காத்து'. கிழக்கேயிருந்து ஈரத்தோடு வருவது கொண்டல். தென்றல் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. புலவர்களும் சினிமாக்காரர்களும் அத்தனை கொண்டாடிய அந்தக் காற்று அவளுக்கு வெறும் 'தெக்கத்திக் காத்து'.

வாடை இறங்கிய நாள் முதல் வீட்டில் சட்டம் மாறும். திண்ணையில் படுக்கை கிடையாது. வடக்கு ஜன்னலில் கோணிப்பை தொங்கும். காதை மூடித் துண்டு கட்டாமல் யாரும் தெருவில் இறங்கக் கூடாது. நொச்சித்தழையைப் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் எங்களை வரிசையாகப் பிடித்துத் தள்ளி ஆவி பிடிக்கவைப்பாள். சளி, இருமல், காதடைப்பு, முட்டிவலி, எதுவானாலும் அவள் எழுதும் முதல் தகவல் அறிக்கை ஒன்றுதான்: "வாடை பட்டிருக்கும்."

மழையைவிடக் காற்றைத்தான் அவள் அதிகம் கவனித்தாள். "வாடை வுடாம அடிக்குதுன்னா, கெழக்க இன்னாவோ நிக்குதுன்னு அர்த்தம்" என்பாள். பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது அவள் சொன்னது அப்படியே இருந்தது. வங்கக்கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அது கிழக்கே கடலில் நிற்கும்போது, அதன் மேற்கு விளிம்பில் இருக்கும் நமக்குக் காற்று வடக்கேயிருந்துதான் வரும். புயல் வடக்கே நகர்ந்து போய்விட்டால் காற்று மேற்குக்குத் திரும்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு வெளியே கடலிலேயே ஊர்ந்து போய் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியதே, அன்றைக்கு ஆயா உயிரோடு இல்லை. டி.வி. இல்லை, மின்சாரம் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. ராத்திரி எப்போதோ காற்றின் சத்தம் மாறியது. அத்தை எழுந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "மேல்காத்து திரும்பிடுச்சிடா. இனிமே போயிடும், படு" என்றாள்.

ஏரிக்காரர்களுக்கு வாடைக்காலம் பயமும் வரும்படியும் சேர்ந்து வரும் காலம். ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டும். மணல் மூடிக்கிடந்த முகத்துவாரத்தை அந்தத் தண்ணீர் உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். உடைந்த வழியாக இறாலும் மடவையும் உள்ளே வரும். எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை வைப்பது என்பதைப் பாடு முறை என்று முறை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஆயாவின் அண்ணன் வீட்டுக்கு அப்போதுதான் எங்களைக் கூட்டிப்போவாள். தொலைவில் தண்ணீரில் இளஞ்சிவப்புக் கோடு போட்டதுபோல் பூநாரைகள் நிற்கும். எங்களுக்கு அவற்றில் அக்கறை இல்லை. அடுப்பில் வெந்துகொண்டிருந்த நண்டில்தான் கண்.

எங்கள் வீட்டுக்குள் வாடை என்ற சொல்லின் மற்ற அர்த்தத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. சிப்காட் நிறுவனத்தைத் தமிழக அரசு தொடங்கியது 1971-ல். பிறகு கும்மிடிப்பூண்டியில் அதன் வளாகம் எழுந்து, கம்பி உருட்டும் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பா அதில் ஒன்றில் சேர்ந்தார். பழைய இரும்பு லாரி லாரியாக வந்து இறங்கும். சைக்கிள் செயின், துருப்பிடித்த கிரில், நசுங்கிய கார், கப்பல் உடைத்த தகடு. எல்லாம் இண்டக்‌ஷன் ஃபர்னேஸில் சுமார் 1,600 டிகிரியில் உருகி பில்லெட்டாகும். அந்த பில்லெட்டை மறுபடி பழுக்கக் காய்ச்சி உருளைகளுக்கு நடுவே விட்டால் கம்பி. உருகுவது இரும்பு மட்டும் என்றால் இவ்வளவு வாடை இருக்காது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பெயின்ட், கிரீஸ், ரப்பர், பிளாஸ்டிக் அத்தனையும் எரிகிறது.

அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் விளக்கைப் போடாமலே எங்களுக்குத் தெரியும். சூடான இரும்பும் ஃபர்னேஸ் ஆயிலும் வியர்வையும் சேர்ந்த அந்த வாடைக்கு எங்கள் தெருவில் பெயரே 'மில்லு வாடை'. அம்மா அவர் சட்டையைத் தனி பக்கெட்டில்தான் ஊறவைப்பார். தொட்டுப் பார்க்காமல், மூக்காலேயே, "இன்னிக்கி ஃபர்னேஸ் பக்கம் போட்டாங்களா?" என்று கேட்பார். "இல்ல, கட்டிங்தான்" என்று அப்பா மழுப்புவார். ஃபர்னேஸ் மேடையில் நிற்கப் போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அங்கே நின்றால் கொஞ்சம் கூடுதல் காசு. அம்மாவின் மூக்கிடம் அப்பா அனேகமாக மாட்டிக்கொள்வார்.

இந்த வாடைக்குக் கடைத்தெருவில் நாணய மதிப்பும் இருந்தது. எங்கள் மளிகைக்கடைக்காரர் புது ஆளுக்குக் கடன் தரமாட்டார். ஆனால் கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்பவனிடமிருந்து மில்லு வாடை வந்தால் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவார். தேதி 7 ஆனால் சம்பளம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டை மின்வெட்டு பிடித்து ஆட்டியது நினைவிருக்கும். வீடுகளுக்கு மணிக்கணக்கில் கரண்ட் போனது; உயர் அழுத்த இணைப்பு வைத்திருந்த ஆலைகளுக்கு 40 சதவீதம் வெட்டு. மின்சாரத்தாலேயே இரும்பை உருக்கும் உலைகள் என்ன செய்யும்? ஷிப்டுகள் குறைந்தன. அப்பாவின் சட்டையில் வெறும் சோப்பு மணம் வர ஆரம்பித்தது. கடைக்காரர் நோட்டை எடுக்காமல், "அண்ணே, வேலைக்குப் போவல போலகீதே?" என்று விசாரித்தார். வீட்டுக்கு வந்து அப்பா அன்று சாப்பிடவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் ஆலைகளுக்குத் தெற்கே இருந்தது. ஆனி, ஆடி முழுக்க ஒன்றும் தெரியாது. மழை விட்ட மார்கழியில்தான் கஷ்டம். பின்னிரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இருப்பது சூடான காற்று. புகை எழும்ப முடியாமல் மூடி போட்ட சட்டிக்குள் இருப்பதுபோல் கீழேயே தங்கும். வெயில் ஏறும்வரை அப்படித்தான். அதோடு காற்றும் வடக்கேயிருந்து வந்தால் முதல் இரண்டு பீரியடுக்கு ஜன்னலைத் திறக்க முடியாது.

அப்படி ஒரு மார்கழிக் காலையில், மூடிய ஜன்னல்களுக்குள்ளே, தமிழய்யா சங்க இலக்கிய வகுப்பில் பத்துப்பாட்டின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். நக்கீரர் பாடியது நெடுநல்வாடை என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். கேள்வி கேட்கிற பையனே அல்ல. "ஐயா, நெடுநல்வாடைன்னா, ரொம்ப நேரம் அடிக்கிற நல்ல நாத்தமா?"

வகுப்பு சிரித்து அடங்கச் சிறிது நேரமாயிற்று. ஐயா பிரம்பை எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஜன்னலருகே போய்க் கொக்கியைத் தட்டித் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டோம். "கையை எடுங்கடா. எல்லாரும் இங்க வாங்க. அதோ புகைபோக்கி தெரியுதா? புகை எந்தப் பக்கம் சாயுது?"

"நம்ம பக்கம் ஐயா."

"நம்ம பக்கம்னா?"

"தெக்கால."

அந்தப் பாட்டிலும் அப்படித்தான் சாய்கிறது என்றார். புகை இல்லை, விளக்குச் சுடர். பாசறையில் நள்ளிரவு. போரில் புண்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் கூடாரத்தை விட்டு வெளியே வருகிறான். வடக்கேயிருந்து குளிர்காற்று வீசும்போதெல்லாம் வழியில் இருக்கும் விளக்குகளின் சுடர் தெற்கே சாய்கிறது. ஊரில் அரண்மனையில் அவன் மனைவி தூக்கமில்லாமல் இருக்கிறாள். அவளுக்கு அந்த வாடை முடிவில்லாமல் நீள்கிறது, அதனால் நெடு வாடை. வெற்றியை நோக்கி நிற்கிற அவனுக்கு அது நல்ல வாடை. ஒரே காற்று, ஒரே ராத்திரி.

பிறகு அவர் பாடப்புத்தகத்தை மூடிவிட்டார். 188 அடிப் பாட்டு அது. அதில் குளிர் எப்படியெல்லாம் வருகிறது என்று கதை சொல்வதுபோல் சொன்னார். மேகம் மூடி நேரம் தெரியாததால், பிச்சி அரும்பு விரிந்து மணப்பதை வைத்துத்தான் பெண்கள் மாலை வந்ததென்று விளக்கேற்றுகிறார்கள். புறா இரவா பகலா என்று தெரியாமல் கூட்டுக்கு வெளியே போகாமல் கிடக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறி மூலையில் தொங்குகிறது. யாழின் நரம்பு குளிரில் விறைத்துப்போகிறது. "எங்க வீட்டுல ஆயா ஜன்னல்ல கோணி கட்டிருக்கு ஐயா" என்று நான் சொன்னதும், "அதுவும் சேர்த்துக்கலாம்" என்றார். பாட்டில் அரசன் பெயர் கிடையாதாம். வேலில் வேம்பு கட்டியிருப்பதை வைத்துப் பாண்டியன் என்று தெரிந்துகொண்டார்கள். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு வேம்பினால் அகப்பாட்டாக இருக்க வேண்டியது புறப்பாட்டாகிவிட்டது என்று நச்சினார்க்கினியர் சொன்னதையும், பத்துப்பாட்டை உ.வே.சா. 1889-ல் அச்சேற்றியதையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. ஜன்னல் திறந்தேதான் இருந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

இதில் ஐயாவின் திறமை பாதி, மூக்கின் குணம் பாதி. எந்த வாடையும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். எங்கள் தெருவில் ரசாயன ஆலையில் வேலை பார்த்த ஒரு சித்தப்பா இதைப் பாதுகாப்புப் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்குப் பாடம் நடத்துவார். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகின முட்டை வாடை அடிக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்வே செத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைப்பாய், அப்போதுதான் ஆபத்து. "வாடை வந்தா நட, வாடை நின்னா ஓடு" என்பார். சமையல் கேஸுக்கு இயல்பில் வாடையே இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டனைக் கலந்து நாற்றமடிக்க வைக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது ஆயா நம்பவில்லை. "காசு குடுத்து நாத்தம் வாங்கறாங்களா?"

ஆயா அந்த நாற்றத்தை நாற்றம் என்று சொன்னதில் தப்பில்லைதான். தொல்காப்பியர் காலத்தில் நாற்றம் என்றால் பொதுவாக வாசனை. நல்லதும் கெட்டதும் அதில் அடக்கம். அந்தச் சொல் நம்மிடம் கெட்டுப்போயிற்று. மணம் தப்பித்துக்கொண்டது. வாடை பாதி வழியில் நிற்கிறது. இதெல்லாம் எல்லா ஊர்த் தமிழுக்கும் பொருந்தாது என்று எனக்குச் சொல்லித்தந்தவன் முகாம் நண்பன்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர்களுக்கான பெரிய முகாம் இருக்கிறது. அப்போது அகதிகள் முகாம் என்போம்; 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயரை மாற்றியிருக்கிறது. மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்தான். முதல் வாரம் ஜன்னலைப் பார்த்து, "என்னடா இப்பிடி மணக்குது?" என்றான். நாங்கள் எல்லோரும் காற்றில் மல்லிகையைத் தேடினோம். அவன் ஊரில் மணம் என்றால் எந்த வாசமும்தான், சாக்கடையும் மணக்கும். இன்னொரு நாள் பள்ளிக்கூட வாசலில், "கச்சான் வாங்குவமே?" என்று கேட்டான். வறுத்த வேர்க்கடலையைத்தான் சொன்னான். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவன் இதைச் சொன்னதும் ஆயா பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டாள். "கச்சான் காத்துதான் எனக்குத் தெரியும். அத்த எப்டிடா வாங்கறது?"

அவன் ஊரிலும் கச்சான் காற்று இருந்தது. மேற்கேயிருந்து வருவது. தெற்கேயிருந்து வருவது சோழகம். வடக்கேயிருந்து வருவது, இங்கே இருப்பதுபோலவே, வாடை. அவன் அப்பா கடற்தொழில் செய்தவர். ஆயாவும் அந்தப் பையனும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து காற்றுகளின் பெயர்களைச் சீட்டு இறக்குவதுபோல் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வாடைக்கு மட்டும் இரண்டு பேர் கையிலும் ஒரே சீட்டு. "பொங்கலுக்கு வாடையிலதான் பட்டம் ஏத்துவம்" என்றான். சித்திரை வெயிலில் பட்டம் விட்டுப் பழகிய எங்களுக்கு அது விநோதமாக இருந்தது. வருடங்கள் கழித்து செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலைப் படித்தேன். வாடைக்காலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து தங்கி மீன்பிடிப்பவர்களின் கதை. 1978-ல் இலங்கையில் படமாகவும் வந்தது. படித்து முடித்ததும் அவனுக்குச் சொல்லத் தோன்றியது. அதற்குள் அவன் குடும்பம் திரும்பிப் போய்விட்டிருந்தது.

சென்னையில் கல்லூரியில் சேர்ந்தபோதுதான் என்னிடமிருந்தும் வாடை வருகிறது என்று தெரிந்தது. "உன் தமிழ்ல தெலுங்கு வாடை அடிக்குதுடா" என்றான் அறைத்தோழன். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா; எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பேச்சு தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும்; ராகம் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? மதுரைக்காரனான அவனுடைய ராகம் எனக்கு வேறு வாடையாகக் கேட்டது. இதை நான் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சண்டையாக எடுத்துக்கொண்டது வீடு தேடியபோது. கல்யாணமான புதிதில், பெரம்பூர் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன். வாடகை, முன்பணம் எல்லாம் பேசியாயிற்று. வீட்டுக்காரர் கடைசியில், மிகவும் மரியாதையாக, "நீங்க... கருவாடெல்லாம் உண்டா?" என்றார். உண்டு என்றேன். "தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல அந்த வாடை ஆகாது." 'அந்த' என்று சொல்லும்போது அவர் கை காற்றில் வடக்குப் பக்கமாக ஒரு வீச்சு வீசியது. தற்செயலாகத்தான் இருக்கும். மீன் வேண்டாம் என்பவர்கள் உண்டு, புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கைவீச்சு கருவாட்டோடு நிற்கவில்லை. எந்தத் தெருக்காரன், யார் வீட்டுப் பிள்ளை என்பதையெல்லாம் மூக்கை வைத்துக் கேட்டுவிட முடிகிறது நம் ஊரில். வாயால் கேட்டால்தான் அநாகரிகம்.

இந்தக் கதையை அத்தையிடம் சொன்னபோது அவள் அந்த வீட்டுக்காரரை ஒரு மணி நேரம் வைதாள். அத்தை அப்போது புதிதாக ஐந்தாறு லயன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். உள்ளூர்க்காரர்கள் உலைப்பக்கம் நிற்க வருவது குறைந்து, பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம், ஜார்க்கண்டு என்று ஆட்கள் வரத் தொடங்கிய காலம். வைது முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அத்தை சொன்னாள்: "இங்க மட்டும் இன்னா? இந்தப் பசங்க கடுகெண்ண ஊத்தி சமைக்கறானுங்க பாரு, அந்த வாடைதான்டா எனக்கு ஆவல. அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லப் போறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கும் உடனே உறைக்கவில்லை.

காலி பண்ணச் சொல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு மீன்காரம்மா. பழவேற்காட்டிலிருந்து கூடையில் கருவாடு கொண்டுவருவார். லயன் வீட்டில் இருந்த பாலாசோர்க்காரன் ஒருவன், கூடையைப் பார்த்ததும் "சுகுவா, சுகுவா" என்று குதித்து ஓடிவந்தானாம். ஒடியாவில் கருவாட்டுக்கு அதுதான் பேர். பேரம் பேசத் தெரியாமல் கேட்ட விலையைக் கொடுக்கப் போனவனை அத்தை பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நடுவே புகுந்து பாதி விலைக்கு முடித்துக்கொடுத்தாள். அன்று சாயங்காலம் கடுகெண்ணெயில் பொரித்த நெத்திலிக் கருவாடு ஒரு தட்டில் அத்தை வீட்டுக்கு வந்தது. "எப்டி இருந்துச்சி அத்த?" என்று கேட்டேன். "கருவாடு நம்புளுதுதானே" என்றாள் பட்டும் படாமல்.

இதற்கிடையே ஊரின் வாடை தினுசு தினுசாகப் பெருகிக்கொண்டிருந்தது. பழைய டயரை வாட்டி எண்ணெய் எடுக்கும் கூடங்கள் சுற்றுவட்டாரத்தில் முளைத்தன. ராத்திரி பதினொன்றுக்கு மேல் கருகிய ரப்பர் வாடை இறங்கும். புகார் கொடுத்தோம். பகலில், அதுவும் ஆடி மாதத்தில், ஓர் அதிகாரி வந்தார். காற்று எங்களிடமிருந்து ஆலைப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் தெரியலையே" என்றார். அத்தை, "கார்த்திகையில வாங்க சார், வாடை எறங்கட்டும்" என்றாள். அவர் 'வாடை' என்று எழுதிக்கொண்டார். எந்த வாடையை எழுதினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னகுப்பமும் கண்ணெரிச்சலோடு எழுந்து ரோட்டுக்கு ஓடிவந்ததே, அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அதிகாரி எழுதிக்கொண்ட அந்தப் பேப்பர் நினைவு வந்தது. அங்கேயும் அபாயத்தை முதலில் சொன்னது மனிதர்களின் மூக்குதான்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. உலைகள் அணைந்தன. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடையும் இல்லை. பங்குனியில் வேப்பம்பூ பூத்திருப்பது மூக்குக்குத் தெரிந்தது. அத்தை முதலில் சந்தோஷப்பட்டாள். இரண்டு வாரத்தில் அந்தச் சந்தோஷம் தீர்ந்துபோயிற்று. லயன் வீட்டுப் பையன்கள் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். காசு கரைந்தது. நெடுஞ்சாலையில் ஆட்கள் மூட்டையோடு ஆந்திர எல்லையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். மே மாதத்தில் சிறப்பு ரயில் விட்டதும் அத்தையின் ஆட்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாலாசோர்க்காரன் கடைசியாகப் போனான். இரண்டு மாத வாடகை பாக்கி. அத்தை கேட்கவில்லை, வழிக்குப் புளிசோறு கட்டிக் கொடுத்தாள். போனில் என்னிடம் சொன்னாள்: "மில்லும் இல்ல, பசங்களும் இல்ல. வாடையும் போச்சு, வாடகையும் போச்சுடா."

அவன் ஐப்பசியில் திரும்பி வந்தான். உலைகள் அதற்கு முன்பே எரியத் தொடங்கியிருந்தன. பாக்கி வாடகையில் பாதியைக் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்ததென்று ஒரு பாட்டில் கடுகெண்ணெயையும் வைத்தானாம். அடுத்த முறை நான் போனபோது அது அத்தையின் கட்டிலுக்கடியில் இருந்தது, முக்கால்வாசி தீர்ந்து.

"இன்னா அத்த, சமைக்கறியா இதுல?"

"ச்சீ. முட்டிக்குத் தேய்க்கறேன். வாடை எறங்கிடுச்சி இல்ல, குத்துது. இதான் கேக்குது." பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினாள். "அவங்கிட்ட சொல்லி இன்னொண்ணு கொண்டாரச் சொல்லணும். துட்டு குடுத்துடலாம், சும்மா வேணாம்."